சுடுதளத்துத் தரையில் நான் இட்ட ஜல்லி

இதை வாசிக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

நான் மண்வேலை மேஸ்திரி. ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கிய காலம் முதல், கட்டடம் வருவதற்கு முன்பாகத் தரையைத் தயார் செய்து கொடுப்பதே என் பிழைப்பு. பள்ளத்தை நிரவுவேன்; மேட்டை வெட்டுவேன்; ரோலர் ஓட்டி இறுக்குவேன்; கடைசியில் ஜல்லி விரித்து ஒப்படைப்பேன். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பிற்பாடு கற்றதெல்லாம் நூலகத்தில் நானாகவே கற்றது. ஆகையால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்தியில் பிழை இராது.

என் மேற்பார்வையில் எத்தனையோ தரைகள் உருவாயின. கனரக லாரிகள் ஓடும் தரை, புதுக் கார்களை வரிசையாக நிறுத்தும் தரை, கிரேன் நிற்கும் தரை. அவற்றில் எதை நினைத்தும் நான் தூக்கம் கெட்டதில்லை. ஒரே ஒரு தரையை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை. அது ஒரு துப்பாக்கி சுடுதளத்தின் தரை.

தனியார் பயிற்சிக் கழகம் ஒன்று அனுமதி பெற்று அதை அமைத்தது. ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கும், மனை பிரித்து விலை போகாமல் கிடந்த நிலத்துக்கும் நடுவில் நீளவாக்கில் இருந்த இடம் அது. ஒரு கோடியில் சுடுபவர்கள் படுத்துக் குறிபார்க்கும் மேடை. மறுகோடியில் குறி அட்டைகள். அவற்றின் பின்னால் குண்டுகளை வாங்கிக்கொள்ள இரண்டு ஆள் உயர மண்மேடு. இடையில் ஐம்பது மீட்டர் வெறுந்தரை. வலப்புறம் ஆறடி மதில். மதிலுக்கு வெளியே சாலை. சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் தகரக் கொட்டகை. இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் நண்பகல் கடந்து ஒன்றரை மணியளவில் அங்கே வந்து நிற்பார்கள். அவர்களுள் என் மகளும் ஒருத்தி.

பயிற்சி அளிக்க வந்தவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். எல்லோரும் அவரைச் சுபேதார் என்றே அழைத்தார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன். இடையில் உள்ள தரையை எதனால் போடுவது என்று பேச முதல் நாள் என்னை அழைத்தார். எனக்கு அதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"சார், வெட்மிக்ஸ் கல்லுக் கலவ போட்டு ரோலர் ஓட்டி, மேல கால் இஞ்சு ஜல்லி விரிச்சிட்டா மழ பெஞ்சாலும் சேறு ஆவாது, பாம்பும் அண்டாது. இங்க கீற அத்தினி கம்பெனிக்கும் அதான் போட்டுக்கினு இருக்கேன்" என்றேன்.

"மேஸ்திரி, நீங்க லாரி நிறுத்த எடம் போடல. இங்க கல்லுங்கிற பேச்சே எடுக்காதீங்க."

"அப்ப பேவர் பிளாக்?"

"அதுவும் கல்லுதான்."

"சிமெண்ட் தரை?"

அவர் சிரித்துவிட்டார். "என்னக் கொன்னுட்டுத்தான் வேற வேலன்னு வந்திருக்கீங்களா?"

எனக்குச் சற்றே ரோசம் வந்தது. "குண்டு அட்டையிலதான சார் படப்போவுது? தரையில இன்னா இருந்தா இன்னா?" என்று கேட்டேன்.

"கத்துக்கிட்டவன் அட்டையில சுடுவான். கத்துக்க வர்றவன் தரையிலதான் சுடுவான். முப்பது வருசமாப் பாக்கறேன்" என்றார் அவர். "தரையில பட்ட குண்டு அங்கயே செத்துப் போவணும். எழுந்து நடந்துச்சுன்னா, அது எந்தப் பக்கம் போவும்னு சுட்டவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

சொல்லோடு விடாமல் கண்ணாலும் காணச் செய்தார். மண்மேட்டுக்கு முன்னால் கட்டில் அகலத்துக்கு நான்கு பாத்திகள் போடச் சொன்னார். ஒன்றில் ஏரி வண்டல், ஒன்றில் ஜல்லி, ஒன்றில் எம்-சாண்ட் மணல், ஒன்றில் கல் நீக்கிச் சலித்த செம்மண். ஒவ்வொரு பாத்தியின் பின்னாலும், இயந்திரம் வந்திறங்கிய பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து ஆளுயரத்துக்கு நிறுத்தினோம். சாலையில் ஒருவரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மேடையில் படுத்துக்கொண்டு வேண்டுமென்றே ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்தைந்து முறை தாழச் சுட்டார். நான் அவருக்குப் பின்னால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கிச் சத்தத்தை அவ்வளவு அருகில் கேட்டது அதுவே முதல் தடவை.

பிறகு அட்டைகளைப் போய்ப் பார்த்தோம். மணலுக்குப் பின்னால் இருந்ததில் கீறல் இல்லை. செம்மண்ணுக்குப் பின்னால் இருந்ததிலும் இல்லை. வெயிலில் காய்ந்து இறுகிய வண்டலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் இரண்டு ஓட்டைகள். ஜல்லிக்குப் பின்னால் நின்ற அட்டையில் விரல் வைத்து எண்ணினேன். வயிற்று உயரத்தில் ஒன்று, மார்பில் இரண்டு, நெற்றி உயரத்தில் ஒன்று. ஓட்டைகளாக இல்லாமல் நாய் கடித்த கிழிசல்களாக இருந்தன. சுபேதார் ஐந்தாவதைத் தேடினார். அது அட்டையின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு பக்கவாட்டில் போயிருந்தது.

"சின்னத் துப்பாக்கிதானன்னு நெனக்காதீங்க மேஸ்திரி. தடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா இது ஒரு மைல் போவும்" என்றார்.

வெறும் மணலானால் காற்றில் பறக்கும், மழையில் ஓடும். ஆகவே மணலும் செம்மண்ணும் கலந்து, முழுவதும் சலித்து, ஒரு முழ ஆழத்துக்குப் பரப்பி, மேலே அருகம்புல் வளர்ப்பது என்று முடிவாயிற்று. பத்துப் பெண்கள் மூன்று வாரம் சலித்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக இருந்த அம்மாள் வாய்த்துடுக்கு உள்ளவர்.

"இன்னா மேஸ்திரி, ரேஷன் அரிசியிலகூட நான் இம்மாங் கல்லு பொறுக்குனதில்ல. இந்தத் தரைய ஒலையில போட்டுப் பொங்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

சுபேதார் அருகில்தான் நின்றார். "ஆமாம்மா. இதுல ஒரு கல்லு பல்லுல மாட்டினாலும் உசுரு போயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஐப்பசி மழை அந்த ஆண்டு முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் சுபேதாரின் அண்ணன் காலமானார் என்று செய்தி வர, அவர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். மறுநாள் குறி அட்டைகளை மாட்டும் இரும்புச் சட்டங்களை ஏற்றிக்கொண்டு டிராக்டர் தரைக்குள் இறங்கியது. புல் இன்னும் பிடிக்காத சலித்த மண் நீர் குடித்துச் சோறாகக் குழைந்திருந்தது. பத்தடி போவதற்குள் சக்கரம் புதைந்தது. கழகத்துச் செயலாளர் தொலைபேசியில், "நாளன்னிக்குப் பெரிய மனுஷங்க வராங்க மேஸ்திரி. தரை பாக்கறதுக்கு நல்லா இருக்கணும்" என்றார்.

இந்த வட்டாரத்தில் சேற்றில் வண்டி புதைந்தால் நாங்கள் செய்வது ஒன்றே ஒன்று. யோசிப்பதுகூடக் கிடையாது. சக்கரத் தடத்தில் ஜல்லியைக் கொட்டுவோம், வண்டியை ஓட்டுவோம், மேலே மண்ணைப் போட்டு மூடுவோம். பார்வையிட வருகிறவர்கள் மட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அடியில் இருப்பதைத் தோண்டிப் பார்த்த ஒருவரையும் என் அனுபவத்தில் நான் கண்டதில்லை. மேலே தெரிவதே தரை என்றுதான் என் கை பழகியிருந்தது. பக்கத்துத் தொழிற்சாலை வேலையில் மீந்த முக்கால் இஞ்சு ஜல்லி ஒரு குவியல் எனக்குச் சொந்தமாகக் கிடந்தது. அதை அள்ளிவந்து, மேடை அருகிலிருந்து மண்மேடு வரைக்கும் இரண்டு சக்கரத் தடங்களிலும் நிரப்பச் சொன்னேன்.

தலைவி அம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"கல்லே ஆவாதுன்னு அவரு தலப்பாடா அடிச்சுக்கினாரே மேஸ்திரி?"

"நாலு வெரல் மண்ணு மேல போட்டா எவனுக்குத் தெரியப் போவுது? போடும்மா."

"தெரியறதுக்குச் சொல்லல. அவரு எதுக்கோ சொன்னாரேன்னு சொல்றேன்."

"நீ இன்னா சுபேதாரு பொண்டாட்டியா? போடு சொல்றேன்."

அந்தச் சொல்லுக்காக அவரிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டேன். அன்று அவர் கூடையைக் கவிழ்த்தார்.

அட்டையில் இருந்த கிழிசல்களைக் கண்ணால் பார்த்தவன்தானே, எப்படித் துணிந்தாய் என்று தாங்கள் கேட்கலாம். நானும் என்னைப் பலமுறை கேட்டுக்கொண்டேன். புதைத்த கல் கல்லல்ல என்று நினைத்தேன்.

விழா நல்லபடியாக நடந்தது. வந்தவர்கள் நின்றபடி நான்கைந்து குண்டுகள் சுட்டார்கள். எல்லாம் மேலாக மண்மேட்டில் போய்ச் செருகின. ஊரிலிருந்து திரும்பிய சுபேதார் தரையைப் பார்த்துவிட்டு, "ஜோராப் பண்ணிட்டீங்க மேஸ்திரி" என்று என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு தோளில் விழாமல் நெஞ்சில் விழுந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்தில் இரண்டு மழை பெய்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்த நாலு விரல் மண் எவ்வளவு கரைந்திருக்கும் என்று படுக்கையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பயிற்சி தொடங்கிய முதல் நாள், மதிலை உயர்த்துவதற்கு அளவெடுக்க நான் அங்கே போயிருந்தேன். ஆறு பேர் மேடையில் படுத்திருந்தார்கள். கல்லூரி மாணவி ஒருத்தி, வங்கியில் பணிபுரிபவர் ஒருவர், மற்றவர்களும் புதியவர்களே. மணி ஒன்று முப்பத்தைந்து இருக்கும். சுபேதார் கட்டளை கொடுத்தார். வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. நான்காவதோ ஐந்தாவதோ வெடித்தபோது அதன் கூடவே வேறொரு சத்தம் வந்தது. இழுத்துக் கட்டிய கம்பி அறுந்தால் ஒரு வீறல் எழுமே, அதுபோல. அது தரையிலிருந்து கிளம்பி, வலப்புறமாக, மதிலுக்கு மேலே போயிற்று. போனதை நான் காணவில்லை. ஆனால் என் தலை அதன் பின்னாலேயே திரும்பியது.

சுபேதார் உடனே நிறுத்தச் சொல்லிச் சிவப்புக் கொடியை உயர்த்தினார். துப்பாக்கிகள் கீழே வைக்கப்பட்டன. அவர் என்னைப் பார்த்தார்.

"மேஸ்திரி, தரையில என்ன இருக்குது?"

"ஒண்ணும் இல்ல சார். சலிச்ச மண்ணுதான்."

இந்த வயதில், நரைத்த தலையோடு, அப்படி ஒரு பொய்யைச் சொன்னேன். யாரும் என்னை அடித்துவிட மாட்டார்கள். வேலை போனாலும் பட்டினி இல்லை. இருந்தும் வாய் தானாகச் சொல்லிற்று. அவர் என்னை நம்பினார். எனக்கு அச்சம் தந்தது அந்த நம்பிக்கைதான். "அப்ப சட்டத்தோட இரும்புக் கால்ல பட்டிருக்கும்" என்று சொல்லி, சட்டங்களின் கால்களுக்கு முன்னால் மணல் மூட்டைகளை அடுக்க இரண்டு ஆட்களை அனுப்பினார்.

அந்தப் பத்து நிமிடங்களில் நான் பட்டதை எழுத எனக்குத் தெரிந்த தமிழ் போதவில்லை. என் மகளுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. ஓடிப் போய்ப் பார்க்கலாமென்று நினைத்தேன். ஆனால் வாயில் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் கொட்டகைக்குப் போக வேண்டும். நான் போய்ச் சேருவதற்குள் மறுபடி சுடத் தொடங்கிவிடுவார்கள். ஏற்கெனவே போன குண்டு என்ன செய்தது என்பது தெரியாது. இனிப் போகப்போகும் குண்டு என்ன செய்யும் என்பதும் தெரியாது. மதிலுக்கு அப்பால் பஸ் ஒன்று நின்று புறப்படும் ஓசை கேட்டது. அது அவளுடைய பஸ்ஸாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். ஹாரனைக் கேட்டதும் அது ஷேர் ஆட்டோக்களை விலக்கிக்கொண்டு போகும் டவுன் பஸ் என்று தெரிந்துவிட்டது.

மூட்டை அடுக்கியவர்கள் திரும்பினார்கள். சுபேதார் கொடியை இறக்கினார். விசிலை வாயில் வைத்தார்.

நான் மேடையிலிருந்து தரைக்குள் இறங்கினேன்.

"யோவ்! மேஸ்திரி! யாரும் துப்பாக்கியத் தொடாதீங்க! மேல வாய்யா!"

அந்தக் குரலை அதற்கு முன் அவரிடம் நான் கேட்டதில்லை. பின்னால் ஆறு துப்பாக்கிகள் இருக்கின்றன என்பதை முதுகு உணர்ந்தது. திரும்பிப் பார்க்காமல் இருபது தப்படி நடந்து, சக்கரத் தடம் இருந்த இடத்தில் மண்டியிட்டு இரு கைகளாலும் தோண்டினேன். தோண்டவே தேவையிருக்கவில்லை. விரல்கடை மண்தான் மிச்சமிருந்தது. ஒரு கைப்பிடி ஜல்லியை அள்ளி மேலே தூக்கிக் காட்டினேன்.

துப்பாக்கிகளிலிருந்து குண்டுகளை எடுக்கச் செய்து, அதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே அவர் என்னிடம் வந்தார். அந்த நிதானம் எனக்கு யுகமாக இருந்தது.

"எவ்ளோ தூரத்துக்குப் போட்டிருக்கீங்க?"

"முழு நீளத்துக்கும் சார். ரெண்டு தடத்துலயும்."

அவர் கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் கையிலிருந்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் பக்கம் யாரு நிக்கிறாங்க இந்நேரத்துல?" என்று கேட்டார்.

"என் பொண்ணு" என்றேன்.

இருவரும் ஓடினோம். அவர் எனக்கு முன்னால் ஓடினார். கொட்டகையின் முனையைத் திரும்பியபோது அங்கே ஏழெட்டுப் பெண்கள் கம்பெனிச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, இப்டி ஓடியாற? இந்த ஒடம்ப வச்சிக்கினு ஓடலாமா?"

"போன எடுக்க மாட்டியா நீ?"

"சைலண்ட்ல போட்டுப் பையில வச்சிக்கீறேன். இன்னா ஆச்சு?"

அவளோடு வேலை செய்யும் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், விடுதியில் தங்கியிருப்பவள், என் மகளின் முழங்கையை இடித்து, "ஏட்டி, ஒங்கப்பா பேயப் பாத்தவரு மாதிரில்லா முழிக்காரு" என்றாள். பிறகு என்னிடம், "ஐயா, செத்த நேரத்துக்கு முன்ன இந்தத் தகரத்துல டங்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. கொரங்குன்னு வெளிய வந்து பாத்தோம், ஒண்ணத்தையும் காணல. அதயா தேடிட்டு வந்திய?" என்று கேட்டாள்.

சுபேதார் அதற்குள் கூரையின் விளிம்பைப் பார்த்துவிட்டிருந்தார். சுண்டுவிரல் நீளத்துக்குத் தகரம் கிழிந்து, ஓரத்தில் ஈயம் பளபளவென்று தேய்ந்திருந்தது. என் மகள் நின்ற இடத்துக்கு நேர் மேலே. அவள் உச்சந்தலைக்கும் அதற்கும் இடையில் இரண்டு சாண் இருக்கலாம். நான் அளக்கவில்லை. எதையும் அளந்தே பழகிய கை அதை அளக்கத் துணியவில்லை.

அங்கேயே அவளிடம் சொன்னேன். என்ன போட்டேன், ஏன் போட்டேன், கேட்டபோது என்ன பொய் சொன்னேன், எல்லாவற்றையும் மற்றப் பெண்கள் கேட்கவே சொன்னேன். அவள் முறுக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயா போட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான்."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். வழக்கமாகச் சன்னலருகே உட்காருபவள் அன்று சன்னலைப் பார்க்கவே இல்லை.

சுடுதளம் ஒரு மாதம் மூடப்பட்டது. இரண்டு தடங்களையும் ஒரு முழத்துக்கும் கீழாகத் தோண்டி, எடுத்த மண் முழுவதையும் மறுபடி சலித்தோம். தலைவி அம்மாளும் நானும் அருகருகே உட்கார்ந்து சலித்தோம். அவர் "நான் சொன்னேனே" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மதில் உயர்ந்தது. அட்டைகளை மறுபடி நிறுத்திச் சுட்டுப் பார்த்தோம், கீறல் இல்லை. ஆயினும் டிராக்டர் அமுக்கிய ஜல்லி எவ்வளவு ஆழம் போயிற்று, அக்கம்பக்கத்தில் எவ்வளவு பரவிற்று என்பதை யார் அறிவார்? கொட்டியபோது நான் அளந்து கொட்டவில்லை. ஆகவே எடுத்தது முழுவதுமா என்று என்னால் சொல்ல இயலவில்லை.

சுபேதார் என்னை விலக்கவில்லை. "மேஸ்திரி, சுடற நாளெல்லாம் காலையில நீங்க செருப்பக் கழட்டிட்டு ரெண்டு தடத்துலயும் நடந்துட்டு வந்து, ஒண்ணும் இல்லன்னு எங்கிட்ட வாயால சொல்லணும். அப்பறந்தான் நான் துப்பாக்கிப் பெட்டியத் தொறப்பேன்" என்றார். மூன்று ஆண்டுகளாக நடக்கிறேன். அடைமழை விட்ட மறுநாள் ஒன்றோ இரண்டோ ஜல்லி மேலே வரும். காலில் உறுத்தும், எடுத்துவிடுவேன். என் மகள் இப்போது அந்தக் கொட்டகையில் நிற்பதில்லை. அரை மைல் நடந்து அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறாள். காரணத்தை அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மற்றப் பெண்கள் அங்கேதான் நிற்கிறார்கள்.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற மாதம் ஒரு காலையில் இரண்டு தடங்களிலும் நடந்து வந்து, "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். சுபேதார் குனிந்து என் வலது காலைப் பார்த்தார். உள்ளங்காலில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஒரு ஜல்லியின் முனை உள்ளேயே செருகியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. மரத்துப் போய்விட்டது என்று மருத்துவர் சொன்னார். அன்றைக்குப் பெட்டி திறக்கப்படவில்லை. மறுநாள் முதல் வேறு ஆள் நடக்கிறார், அவர் புதியவர், எங்கே கவனித்து நடக்க வேண்டும் என்பதை நான் கையைக் காட்டிச் சொன்னதுதான் அவருக்குத் தெரியும். சுபேதாருக்கும் வயதாகிறது. கழகம் கைமாறலாம், நிலமே கைமாறலாம்.

ஆகவே அளவை எழுதுகிறேன். வலப்புற மதிலின் உட்சுவரிலிருந்து பதினான்கு அடியில் ஒரு தடம். பத்தொன்பதரை அடியில் மற்றொன்று. இரண்டும் மேடையிலிருந்து ஆறடி தள்ளித் தொடங்கி, மண்மேட்டின் அடி வரைக்கும் நேராகப் போகின்றன. அங்கே இன்னும் கல் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். ஐயா, அம்மா, இந்தத் தாள்களைத் தயவுசெய்து தூக்கி எறியாமல், அந்த நிலத்தின் பத்திரங்களோடு சேர்த்துப் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.